மந்தன் குடியிருக்கும் ஊரில் வேகம்

விடியற்காலை ஐந்தரை மணி. சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகும் சாலையில் ஒருவர் ஓடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதைத் தொட்ட வயது. ஓட ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகிறது. பனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. சாலையோரத்து வாய்க்கால் தண்ணீரின் குளிர்ச்சி முழங்காலுக்குக் கீழே மட்டும் உறைக்கிறது. மேலே நெஞ்சு கொதிக்கிறது. டீக்கடையில் பாய்லருக்குப் பின்னால் நிற்பவர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்கிறார்: "என்ன தம்பி, யாரு வெரட்டுறா?"

பதில் சொல்லத்தான் நினைக்கிறார். வாயைத் திறந்தால் மூச்சு வருகிறது, சொல் வரவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடந்துபோகிறார்.

வீட்டுக்குத் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தால் 5 கிலோமீட்டருக்கு 40 நிமிடம். போன வாரமும் அதே 40. அதற்கு முந்தின வாரம் 39 நிமிடம் சொச்சம். தினமும் உயிரைக் கொடுத்துத்தான் ஓடுகிறார். அப்புறம் ஏன் இப்படி? ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "நமக்குக் கொடுப்பினை அவ்வளவுதான் போல" என்று சொல்லிக்கொள்கிறார்.

கொடுப்பினை. அந்தச் சொல் வாயில் வந்த நிமிடமே இது வெறும் உடற்பயிற்சிப் பேச்சாக இல்லாமல் போகிறது. ஒருவனுக்கு வாய்த்தது எவ்வளவு, உழைத்துக் கூட்டிக்கொள்ளக் கூடியது எவ்வளவு என்பது தமிழ்நாட்டில் வெகுகாலமாகத் தீராமல் நடக்கும் வழக்கு. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதினார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். ஊழைவிட வலியது எதுவுமில்லை என்கிறது முன்னது. தளராமல் உழைப்பவர் முன்னே ஊழும் தோற்றோடும் என்கிறது பின்னது. இரண்டையும் பொருத்திக் காட்ட உரைகாரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் விடிகாலையில் ஓடும் ஒரு புதியவரின் கடிகாரம் அந்த வழக்கில் ஒரு சாட்சி. சின்னச் சாட்சிதான், ஆனால் யாருக்கும் பரிந்து பேசாத சாட்சி.

அவர் திரும்பி வரும் இடத்தைத் தாண்டி அதே சாலையில் போனால் குச்சனூர். சுரபி நதிக்கரையில் சுயம்புவாக எழுந்தவர் என்று மக்கள் கும்பிடும் சனீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. மற்ற ஊர்களில் நவகிரக மேடையில் ஒரு மூலையில் நிற்கும் சனி, இங்கே மூலவர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. ஏழரை பிடித்தவர்கள், அஷ்டமத்தில் மாட்டியவர்கள் எள் விளக்கு ஏற்றிவிட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் போவார்கள். சனிக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு: காரி, முடவன், மந்தன். வடமொழியில் சனைச்சரன், மெல்ல நடப்பவன் என்று பொருள். அந்தச் சனைச்சரன்தான் நம் வாயில் சனீஸ்வரன் ஆனான். ஒரு ராசியைக் கடக்க அவனுக்கு இரண்டரை ஆண்டு வேண்டும். முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்று ஊரில் சொல்வது இந்தச் சுற்றை மனத்தில் வைத்துத்தான் என்பார்கள்.

வானியல் கணக்கில் சனி நொடிக்கு 9.7 கிலோமீட்டர் போகிறது. மணிக்குக் கிட்டத்தட்ட 35,000 கிலோமீட்டர். பூமி அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் சனி நகராதது போலத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அதன் பாதையின் நீளம். மந்தன் நின்றுவிட்டவன் இல்லை. ஓடப் பழகுகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கிரகம் வேறு கிடையாது. அது ஏன் என்பதற்கு முதலில் காலையும் நெஞ்சையும் பார்த்துவிட வேண்டும்.

அந்த நாற்பது வயதுக்காரர் செய்யும் தவறு சோம்பலால் வந்தது இல்லை, ஆர்வத்தால் வந்தது. தினமும் ஒரே மாதிரி, மூச்சு முட்ட முட்ட ஓடுகிறார். அது முழு வேகமும் இல்லை, நிதானமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஓட்டம். நேற்றைய களைப்பு இன்றைக்கும் காலில் இருப்பதால், உண்மையிலேயே விரைந்து ஓட வேண்டிய நாளில் விரைய முடிவதில்லை. நிதானமான நாளோ அவர் வாரத்தில் கிடையவே கிடையாது.

நெடுந்தூர ஓட்டத்தின் அடுப்பு தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அவைதான் ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து ஆற்றல் தருகின்றன. 1967இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளைப் பல வாரம் ஓடவிட்டுப் பார்த்தபோது, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. மனிதத் தசையும் அப்படித்தான் மாறுகிறது என்பது பிறகு தெரிந்தது. அதோடு தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடும். இதற்கெல்லாம் வேண்டியது, நீண்ட நேரம் தாங்கக்கூடிய நிதானமான ஓட்டம், அடிக்கடி. ரத்தத்தின் நீர்ப்பகுதி முதல் ஓரிரு வாரத்திலேயே கூடிவிடும். நொதிகளுக்குப் பல வாரம் வேண்டும். தசைநாணும் எலும்பும் உரமேற மாதக்கணக்கு. நெஞ்சு தயார் என்று சொல்லும்போது கணுக்கால் தயாராக இருக்காது. ஒன்றரை மாதத்தில் முழந்தாளிலும் கெண்டைக்காலிலும் வலி வந்து பலர் ஓட்டத்தையே விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

உலகத்துக்கு இதை ஓடிக் காட்டியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பையே சோதனைச் சாலையாக்கி, வாரத்துக்கு 100 மைல் ஓடும் முறையை உருவாக்கினார். அதில் பெரும்பகுதி மூச்சுத் திணறாமல் ஓடுவது. வெறும் 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையும் 22 மைல் மலைப்பாதையில் ஓடவைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துபோகிற பந்தயத்துக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1960 ரோம் ஒலிம்பிக் பதில் சொன்னது. செப்டம்பர் 2ஆம் தேதி, ஒரு மணி நேரத்துக்குள், அவருடைய மாணவர்கள் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு லிடியார்ட் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. ஆக்லாந்தில் தொப்பை விழுந்த நடுத்தர வயதுக்காரர்களை, இதய நோய் கண்டவர்களைக்கூட, பேசிக்கொண்டே ஓடச் சொன்னார். பொழுதுபோக்காக ஓடுவது என்ற பழக்கம் உலகமெங்கும் பரவியதற்கு அந்தக் கூட்டம் ஒரு முக்கியத் தொடக்கம். 1962இல் அங்கே போய்ப் பார்த்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் ஊர் திரும்பி அதையே பரப்பினார். பிற்பாடு ஸ்டீபன் சீலர் என்ற ஆய்வாளர் உலகத் தர வீரர்களின் பயிற்சிகளைக் கணக்கெடுத்தபோது, பத்தில் எட்டு நிதானமானவையாக இருந்தன.

தேனிப் பக்கம் வேகத்துக்கும் நிதானத்துக்கும் இரண்டு சொற்கள் உண்டு. வெரசா, பைய. வெரசா என்றால் சீக்கிரம். பைய என்பதை 'மெதுவாக' என்று மட்டும் எழுதிவிட்டால் பாதிப் பொருள் போய்விடும். தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் போடும்போது 'பைய' என்பார்கள். தலையிலிருந்து தண்ணிக்குடத்தை இறக்குகிறவளிடமும், கிணற்றுப் படியில் கால் வைக்கிறவனிடமும் அதே சொல். அதில் சோம்பல் துளியும் இல்லை. செய்கிற காரியத்தின் மேல் கண் இருக்கிறது. லிடியார்ட் ஓடச் சொன்ன ஓட்டம் பைய ஓடும் ஓட்டம்.

சரி, முறை தெரிந்துவிட்டது. கொடுப்பினை என்னாயிற்று?

குச்சனூரிலிருந்து உத்தமபாளையம் தொலைவில்லை. அங்கே திருக்குணகிரி என்று பெயர் பெற்ற, ஊரார் கருப்பண்ணசாமி பாறை என்று சொல்லும் பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுப் பழமை. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றில் ஒரு பெயர் அச்சணந்தி. பாண்டிய நாட்டில் பல குன்றுகளில் இதே பெயர் வருகிறது; நடந்தே ஊர் ஊராகச் சென்ற துறவி. பாறையில் நிற்கும் உருவங்களின் கைகள் தொடையை ஒட்டித் தொங்குகின்றன. அசைவே இல்லாத நிலை. அந்த அசையாமையைப் பார்த்து இவர்கள் எல்லாவற்றையும் விதியிடம் விட்டவர்கள் என்று நினைத்தால் அது தவறு. விதியே எல்லாம் என்றவர்களோடு கடுமையாக வாதாடியவர்கள் சமணர்கள்தான்.

விதியே எல்லாம் என்றவர்கள் ஆசீவகர்கள். மற்கலி கோசாலரின் வழியில் வந்தவர்கள். உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் தீருமட்டும் உருளும். உயிரும் அப்படித்தான், நடுவில் முயற்சி என்று ஒன்று எதையும் கூட்டாது, குறைக்காது என்பது அவர்கள் கொள்கையாகப் பழைய நூல்களில் பதிவாகியிருக்கிறது. வடக்கே மறைந்த பிறகும் தமிழகத்தில் பல நூற்றாண்டு வாழ்ந்த சமயம் அது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அவர்கள் மேல் விதித்த வரி பற்றிக் குறிப்பு உண்டு. மணிமேகலையில் ஆசீவகர் வருகிறார். நீலகேசியில் ஆசீவக வாதத்துக்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது.

சமண நூலான உவாசகதசையில் இந்த வாதத்தின் ஒரு காட்சி வருகிறது. சத்தாலபுத்தன் பெரிய குயவன், ஆசீவகன். வெயிலில் காயும் அவனுடைய பானைகளைக் காட்டி மகாவீரர் கேட்கிறார்: இவை உழைப்பால் ஆனவையா, உழைப்பில்லாமலா? எல்லாம் நியதிப்படி ஆனவை, உழைப்பு என்று எதுவும் இல்லை என்கிறான் அவன். அப்படியானால் ஒருவன் வந்து இந்தப் பானைகளை உடைத்தால் என்ன செய்வாய்? அடித்து நொறுக்குவேன் என்கிறான். நியதிதானே உடைத்தது, அவனை ஏன் அடிக்கிறாய் என்று மகாவீரர் கேட்டதும் சத்தாலபுத்தன் வாயடைத்துப் போகிறான். கொள்கையில் விதியை வைத்துக்கொண்டு, கையில் மண்ணைப் பிசைந்துகொண்டு வாழ்ந்த மனிதன். நம்மில் பலர் அப்படித்தான்.

இதே வாதம் 1999இல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில் கிளாட் பூஷார்ட் குழுவினர் 98 குடும்பங்களைச் சேர்ந்த, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 481 பேருக்கு 20 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு சராசரியாக 400 மில்லிலிட்டர் அளவுக்குக் கூடியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேல். சிலருக்கு ஒன்றுமே கூடவில்லை. ஒரே குடும்பத்தார் ஒரே மாதிரி முன்னேறினார்கள். இந்த வித்தியாசத்தில் 47 சதவீதம் வரை பரம்பரையோடு சேர்ந்தது என்று கணக்கு வந்தது. ஊழுக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. கொடுப்பினை என்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னாரோ?

2017இல் டேவிட் மொன்டெரோவும் கார்ஸ்டன் லுன்ட்பியும் வேறொரு விதமாகப் பார்த்தார்கள். ஆரோக்கியமான 78 பேர், ஐந்து குழு, வாரத்துக்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை, நாளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி, ஆறு வாரம். வாரம் ஒரு நாள் செய்தவர்களில் 69 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் இல்லை. இரண்டு நாள் குழுவில் அது 40 சதவீதம், மூன்று நாளில் 29. நான்கு, ஐந்து நாள் குழுக்களில் முன்னேறாதவர் ஒருவர்கூட இல்லை. அதோடு விடவில்லை. முன்னேறாதவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் கூட்டி இன்னும் ஆறு வாரம் கொடுத்தபோது அவர்களும் முன்னேறிவிட்டார்கள். எல்லாரும் ஒரே அளவுக்கு இல்லை, அவரவர் அளவுக்கு. பரம்பரை பொய் என்று இது சொல்லவில்லை. ஒருவர் 'இதுதான் என் விதி' என்று முடிவு கட்டிய இடம் பல நேரம் விதியின் எல்லையே இல்லை, பொறுமையின் எல்லை என்று சொல்கிறது.

அந்த ஓட்டக்காரரின் பக்கத்தில் ஓடும் வாய்க்கால் தண்ணீருக்கும் இந்த வழக்கில் பங்கு உண்டு. மேற்கே விழுந்து அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்று நீர் அது. மலையின் சரிவை யாரும் மாற்றவில்லை. மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். வெள்ளம் வேலையை அடித்துக்கொண்டு போனது, காய்ச்சலில் தொழிலாளர்கள் மாண்டார்கள், 1895இல் முடிந்தது. பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர் இன்றும் அதை நம்பியிருக்கிறது. ஜனவரி 15ஆம் தேதி, அந்த அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிற மக்களிடம் போய் வாய்த்ததுதான் வாய்க்கும் என்று வாதாடிப் பார்க்கலாம்.

இருந்தாலும் முயற்சி என்ற சொல்லை நம் காலம் கெடுத்து வைத்திருக்கிறது. முயற்சி என்றால் பல்லைக் கடிப்பது, இன்றைக்கே செய்து இன்றைக்கே காட்டுவது என்று ஆகிவிட்டது. ஆசீவகர் சொன்னதும் இந்த அவசரக்காரர் சொல்வதும் நேர் எதிர் போலத் தெரியும். இரண்டுக்கும் குறை ஒன்றுதான்: இரண்டிலும் காலத்துக்கு வேலை இல்லை. செய்வதால் எதுவும் ஆகாது என்கிறார் ஒருவர். செய்த மறுநாளே ஆக வேண்டும் என்கிறார் மற்றவர். விதைத்ததற்கும் விளைந்ததற்கும் நடுவே ஒரு நீண்ட மௌனம் இருக்கிறதே, அதை இருவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சைவ சித்தாந்தம் அந்த மௌனத்துக்கு அழகான பெயர் வைத்தது: பரிபாகம். மலம் ஒரே நாளில் கழலாது, முதிர்ந்துதான் கழலும். பேச்சில் நாம் சாதாரணமாகச் சொல்லும் பக்குவம் என்பதும் இதன் உறவுச் சொல்தான். அருள் பதிகிற நிலையையும் நான்காகச் சொன்னார்கள்: மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம். இங்கே மந்தம் என்பது வசைச்சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஒரு படி. தீவிரத்துக்குப் போகும் வழியில் உள்ள படி. மந்ததரத்தில் இருப்பவரைத் தகுதியற்றவர் என்று சித்தாந்தம் விலக்கவில்லை. அவருக்கேற்ற சரியையைக் கொடுத்தது, கோயிலைக் கூட்டு, விளக்கேற்று என்று. ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கு இதைவிடக் கௌரவமான ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

பள்ளத்தாக்கின் திராட்சைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கவாத்து பண்ணியதிலிருந்து அறுவடைக்கு வர ஏறத்தாழ நான்கு மாதம் கேட்கும். கவாத்து முடிந்த பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் காய்ந்த குச்சியும் கம்பியும்தான் தெரியும்; வானம் முழுசாகத் தெரியும். தோட்டக்காரர் அந்த நாட்களில் சும்மா இருப்பதில்லை. ஆனால் கொடியைப் பிடித்து இழுப்பதும் இல்லை.

இதற்கு நம்மிடம் ஒரு அளவையும் தயாராக இருக்கிறது: மண்டலம். சித்த மருந்துக்கு 48 நாள். சபரிமலைக்கு மாலை போட்டவருக்கு 41 நாள். கார்த்திகை வந்தால் கம்பம், கூடலூர், குமுளி வழி முழுக்கக் கறுப்பு வேட்டிகள். வெறுங்காலோடு, பச்சைத் தண்ணீரில் குளித்து, நாக்கைக் கட்டி ஒரு மண்டலம் இருப்பவர்கள். தைப்பூசத்துக்குப் பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் உண்டு. உலகையே சுற்றி ஓடி வந்தும் கனி கிடைக்காதவன் நின்ற மலைக்கு, ஓடாமல், நாள்கணக்கில் நடந்து போகிறார்கள். புதிதாக ஓடுகிறவர் தன் முன்னேற்றத்தை நாளில் பார்க்கக் கூடாது, வாரத்திலும் கூடாது. மண்டலத்தில் பார்க்க வேண்டும். முதல் மண்டலத்தில் ரத்தமும் நெஞ்சும் மாறும். இரண்டாவதில் தசை. நாணும் எலும்பும் மூன்றாவதையும் தாண்டும்.

விரதத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மாலையைக் கழற்றும் நாள் என்று ஒன்று விரதத்தில் இருக்கிறது, அன்றோடு கடன் தீர்ந்துவிடும். ஓட்டத்தில் கடன் தீர்வதே இல்லை. 1984இல் எட்வர்ட் காயில் குழுவினர், நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று அளந்தார்கள். மூன்று வாரத்தில் ஆக்சிஜன் கொள்ளளவு 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் குறைந்தது. சேர்த்த புண்ணியம் கணக்கில் நிற்கும் என்பதெல்லாம் இங்கே ஓரளவுக்குத்தான். அதனால் ஓட்டம் நேர்த்திக்கடன் போல இல்லை, அன்றாட பூசை போல. அபிஷேகம் நேற்று ஆயிற்று என்று இன்றைக்குக் கோயிலைப் பூட்டி வைக்க முடியாது.

டீக்கடைக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது திரும்பலாம். யார் விரட்டுகிறார்?

தேனியிலும் சுற்று ஊர்களிலும் விடிகாலையில் ஓடும் இளைஞர்களில் பலரை விரட்டுவது எதுவென்று தெரியும். தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால்தான் முழு மதிப்பெண். வயது வரம்பு நெருங்குகிறது, வீட்டில் தங்கை இருக்கிறாள். அவர்களுக்கு வேகம் ஆசை இல்லை, சோறு.

அதே நேரத்தில் அதே சாலையில் ஜீப்புகள் போகின்றன. கம்பம், போடி, உத்தமபாளையம் வட்டாரத்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து மேட்டுக்கு மேலே, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். மடியில் தூக்குவாளி. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி, குனிந்து, சுமந்து இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் யாருக்கும் ஓடிப் பழக வேண்டிய அவசியமில்லை. உடம்பை வருத்திக்கொள்ள ஒருவர் தனியாக நேரம் ஒதுக்க முடிவதே ஒரு வசதி. பொழுதுபோக்காக ஓடுகிறவர் இதை மறக்காமல் இருப்பது நல்லது. மறந்தால் அவருடைய வியர்வைக்கு இல்லாத மகிமையெல்லாம் ஏற்றிக்கொள்வார்.

அவரை விரட்ட உண்மையில் யாரும் இல்லை. பசி இல்லை, தேர்வு இல்லை, மேஸ்திரி இல்லை. ஆனாலும் விரட்டப்பட்டவர் போல ஓடுகிறார். கைப்பேசிச் செயலியில் கோயம்புத்தூர் நண்பரின் ஓட்டம் 28 நிமிடம் என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வயது நெருங்குகிறது. கல்லூரியில் ஓடியவன் என்ற நினைப்பு இருக்கிறது. இவை விரட்டும் வரை பைய ஓட வராது. பைய ஓடாதவரை வேகம் வராது. சமணம் பற்று என்று சொன்னது இதைத்தான் என்று தோன்றுகிறது. வேகம் வேண்டும் என்று நினைப்பதில் குற்றமில்லை. அந்த வேகத்தை இன்றைக்கே தன் பெயரில் பத்திரம் பண்ண நினைப்பதுதான் காலில் கட்டிய கல்.

ஓட்டத்தை வழிபாடாகவே ஆக்கிக்கொண்ட ஒருவர் தமிழ் மண்ணில் வளர்ந்தார். சிட்டகாங்கில் பிறந்து, சிறுவனாக 1944இல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து, இருபது ஆண்டு அங்கே இருந்த ஸ்ரீ சின்மய். ஆசிரம மைதானத்தில் குறுந்தூர ஓட்டக்காரர். 1964இல் நியூயார்க் போனார். அவர் பெயரால் 1997 முதல் குயின்ஸ் பகுதியில் 3,100 மைல் ஓட்டம் நடக்கிறது. ஒரே தெருச்சதுக்கம், சுற்றுக்கு 883 மீட்டர், மொத்தம் 5,649 சுற்று, கொடுக்கும் அவகாசம் 52 நாள். தினமும் 96 கிலோமீட்டர் முடித்தால்தான் கணக்குத் தேறும். அங்கே ஓடுகிறவர்களின் வேகத்தைச் சாலையில் போகிறவர் பார்த்தால் ஏதோ பையப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். கோயிலை வலம் வருகிறவர்களைப் பார்ப்பது போல.

சின்னமனூர்க்காரருக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். வாரத்தில் நான்கு நாள் போதும். மூன்று நாள் பைய: பக்கத்தில் ஒருவர் ஓடி வந்தால் அவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் நடக்கலாம், அதில் குறைச்சல் இல்லை. அந்த மூன்றில் ஒரு நாளை, சனிக்கிழமையை, மற்ற நாட்களைவிட நீளமாக வைத்துக்கொள்ளலாம். நான்காவது நாள் வெரசா: கால்மணி நேரம் மெல்ல ஓடிய பிறகு, இரண்டு மின்கம்ப தூரம், 20 நொடி அளவுக்கு, தோளை இறுக்காமல் விரைந்து ஓடி, மூச்சு அடங்கும்வரை நடந்து, மறுபடி. ஆறு முறை. கால் பழகியதும் ஒரு சின்ன மேட்டில். வீட்டுப் படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது நாணுக்கு உரம். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்றுக்கு எதிரே ஓடும்போது கடிகாரம் சொல்வதை நம்பக் கூடாது; மூச்சைக் கேட்டால் போதும். நெஞ்சுவலி, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு மண்டலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சனிக்கிழமை. வாய்க்காலில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கரையில் கொக்கு நிற்கிறது. டீக்கடையில் பாய்லர் சீறுகிறது. அதே ஆள், அதே வடிகட்டி.

"என்ன தம்பி, இன்னைக்கும் யாரும் வெரட்டுறாங்களா?"

"யாரும் வெரட்டலண்ணே. இன்னைக்குக் குச்சனூர் வரைக்கும் போயிட்டு வாறேன்."

"அம்புட்டுத் தூரமா! வாறப்ப ஒரு டீயக் குடிச்சிட்டுப் போங்க."

"சீனி கம்மியாப் போட்டு வைங்கண்ணே" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு, கால் நிற்காமல், மார்க்கையன்கோட்டையைப் பார்த்துப் போகிறார்.